கடைசிச் சுருள்

செவ்வாயில் இறங்கிய விண்கப்பலின் ஆட்களில் ஒருவன் மனிதனில்லை. அது யாரென்று கப்பல் தலைவனுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். தலைவன் எழுந்து, ஒவ்வொரு கதிரையாகக் கடந்து நடந்து, ஒருவனுக்குப் பின்னால் போய் நின்று, அவனுடைய தோளில் கையை வைத்தான்.

புஷ்பராணி அந்த வரியோடு வாசிப்பை நிறுத்தினாள். புத்தகத்தில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது.

“முடிஞ்சுது” என்றாள்.

சன்னலோரக் கதிரையிலிருந்த மகேசன் அவளுடைய குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார். பார்வை போன பிறகு அவர் ஒருவரைப் பார்க்கும் விதம் அப்படி மாறியிருந்தது. காதைத்தான் கொண்டுவருவார். கண்கள் வேறெங்கோ, அலுமாரி மூலையில் நிற்கும்.

“ஆற்றை தோள் எண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“அதெப்பிடி? அந்தக் காலத்து ஆக்கள் முடிவிலைதானே எல்லாத்தையும் வைச்சிருப்பாங்கள்.”

“இந்த ஆள் வைக்கேல்லைப் போலை.”

அவருடைய விரல்கள் கதிரைக் கையைத் தட்டிக்கொண்டிருந்தன. யாருடைய தோள் என்று அவர் கணக்குப் பார்க்கிறார் என்பது புஷ்பராணிக்குத் தெரிந்தது. இரவுச் சாப்பாடு வரைக்கும், சிலவேளை நாளைக்கும் பார்ப்பார். அவள் ஓசைப்படாமல் தாளைத் திருப்பி, அவருக்கு நேரெதிரே இருந்தபடியே, கடைசிப் பக்கத்தை மனதுக்குள் வாசித்தாள். சமையற்காரன். முதல் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருந்த அந்தச் சமையற்காரன்தான். நல்ல முடிவு. அவள் அதை இன்னொரு தடவையும் வாசித்தாள். பிறகு எழுந்துபோய், வெள்ளி நிற ரொக்கெட் வாலில் நின்றுகொண்டிருக்கும் அட்டையுள்ள அந்தப் புத்தகத்தை மற்றப் புத்தகங்களுக்கு நடுவில் செருகினாள்.

அந்தச் சுவர் முழுக்க அவருடைய புத்தகங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதப்பட்டு, பிறகு நோர்வேஜிய மொழிக்கு மாற்றப்பட்ட விஞ்ஞானக் கதைகள். முதுகு உடைந்து பழுப்பேறிய மலிவுப் பதிப்புகள். அகதியாக வந்த புதிதில், வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும் பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி நிறைய இந்தப் புத்தகங்களை யாரோ சும்மா கொடுத்திருக்கிறார்கள். அவர் மொழி படித்தது அதில்தான். ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் சொல் தெரியுமுன்னே அவருக்குச் சுற்றுப்பாதைக்கும் ஈர்ப்புவிசைக்கும் சொல் தெரியும் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். ஒஸ்லோவுக்கு வந்து தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை கிடைத்து, லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, ஒரே மகள் பிறந்து, அந்த வீட்டையும் விற்று ஹொல்ம்லியாவில் இந்த மாடிவீட்டுக்கு வந்தபோதும் புத்தகங்கள் கூடவே வந்தன. வேலை முடிந்து வந்தால் அவர் அவற்றோடுதான் இருப்பார். புஷ்பராணி எப்போதாவது, “என்ன கதை அது?” என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “உனக்கு விளங்காது.”

முப்பது வருடத்துக்கு மேல் அவள் அதை நம்பியிருந்தாள். அவள் ஹவுகெட்டோவில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவள். நாள் முழுக்க நோர்வேஜியக் குழந்தைகளுக்குக் கதை வாசித்தவள். அவருடைய உச்சரிப்பைவிட அவளுடையது நன்றாக இருந்தது. இருந்தும், ரொக்கெட் படம் போட்ட புத்தகம் தனக்கானதில்லை என்றுதான் இருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக உரத்து வாசிக்கும்போது தெரிந்தது, அவளுக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளிக் கிரகத்துச் சதுப்பும், ஒரு மண்டபத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கணிப்பொறியும், அணுகுண்டுக்குப் பயந்து நிலத்துக்குக் கீழே போய் வாழும் ஊரும். விளங்காத ஒன்றே ஒன்று, நட்சத்திரங்களுக்கு அப்பால் போகும் கப்பலில்கூட ஏன் ஒரு பெண்தான் கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிறாள் என்பது. பிறகு அதுவும் விளங்கிவிட்டது.

அவருக்கு வந்தது பக்கவாதம். மூளையின் பின்பக்கத்தில் அடைப்பு. கை காலுக்கு ஒன்றுமில்லை, பேச்சுக்கும் ஒன்றுமில்லை. கண்கள் நல்ல நிலையில் இருக்க, பார்வை மட்டும் போய்விட்டது. வெளிச்சமும் இருட்டும் பிரித்துத் தெரியும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவர் மருந்து மயக்கத்தில் கிடந்த அன்று, அவருடைய தொலைபேசி புஷ்பராணியின் கைப்பைக்குள் அடித்தது. ‘வேலை’ என்று பெயர் விழுந்தது. ஓய்வெடுத்து இரண்டு வருடமான ஆளை வேலையிலிருந்து எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு, தாழ்வாரத்துக்குப் போய் எடுத்தாள். அவள் ஹலோ சொல்வதற்குள் அங்கிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது.

“அப்பா, நான்தான். இண்டைக்கு அம்மான்ரை பிறந்தநாள். இந்த முறையாவது கேட்டுப் பாத்தியளோ?”

தாழ்வாரத்தில் யாரோ ஒரு வெறும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது திரும்பி மறையும் வரைக்கும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளை” என்றாள்.

பிறகு, மிகவும் கவனமாக, உடைந்துபோகும் என்று பயந்து தூக்குகிற மாதிரி ஜெனிதா கேட்டாள்: “அம்மா, நீங்கள் என்னோடை கதைப்பியளோ?”

மகளுடைய குரலைக் கேட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஜெனிதா கிருஷிகனைக் கட்டப் போகிறேன் என்று சொன்னபோது மகேசன் சத்தம் போடவில்லை. “அவையள் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?” என்று ஒரு கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று ஊரிலும் தெரியும், ஒஸ்லோவிலும் தெரியும். ஜெனிதா வீட்டை விட்டுப் போய் ஸ்டவாங்கரில் இருந்தாள். ஒருநாள் மகேசன் வந்து, மகளோடு கதைத்ததாகவும், “அம்மாவும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்” என்று அவள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். கொஞ்ச நாளில், மகள் நம்பரை மாற்றிவிட்டாள் என்று ஒரு புது நம்பரும் கொண்டுவந்து தந்தார். புஷ்பராணி அந்த நம்பருக்கு எத்தனையோ தகவல் அனுப்பினாள். ஒன்றுக்கும் பதிலில்லை. பிறகு அவளுக்கும் ரோசம் வந்துவிட்டது. பெற்ற வயிறு கெஞ்சலாம், எத்தனை நாளைக்குக் கெஞ்சும்?

தாழ்வாரத்து மரவாங்கில் உட்கார்ந்து மகள் சொன்னதைக் கேட்டபோது மற்றப் பாதி தெரிந்தது. அம்மா உன்ரை பேரையே எடுக்க விடுகிறா இல்லை என்று அப்பா சொன்னாராம். நீ வாசலுக்கு வந்தால் நஞ்சு குடிப்பேன் என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறா, ஆனபடியால் வந்துவிடாதே என்றாராம். அம்மாவின் நம்பரும் மாறிவிட்டதாம். ஒவ்வொரு வருடமும் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஜெனிதா அவருக்குப் போன் எடுப்பாள். அவர், “கேட்டுப் பாத்தனான் பிள்ளை, இன்னும் மனம் மாறேல்லை” என்பார். புஷ்பராணிக்கு நினைவு வந்தது. அவளுடைய பிறந்தநாளில் ஒவ்வொரு வருடமும் அவருக்கு வேலையிலிருந்து ஒரு அழைப்பு வரும். அவர் பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பார். அவள் உள்ளே கேக் வெட்டி, அவருக்கும் ஒரு துண்டு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

“நிலனுக்கு ஏழு வயசு அம்மா” என்றாள் ஜெனிதா. “உங்களுக்குப் பேரன் இருக்கிறதெண்டாவது அப்பா சொன்னவரோ?”

அவள் திரும்ப அறைக்குள் போனபோது மகேசன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்.

“என்ரை போன் அடிச்சமாதிரிக் கிடந்துது. ஆர் எடுத்தது?”

“வேலையிலையிருந்து.”

போர்வைக்கு மேலிருந்த அவருடைய கை அசையாமல் நின்றது. “என்னவாம்?”

“பிழையா எடுத்திட்டினமாம்.”

கை தளர்ந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். புஷ்பராணி கட்டிலருகே நின்று அவரைப் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து அவர் முன்னால் அவள் முகத்தை ஒருவிதமாக அடக்கித்தான் வைத்திருந்தாள். இனி அது தேவையில்லை. முகத்தில் என்ன வந்ததோ அதை அப்படியே வரவிட்டுக்கொண்டு, குனிந்து, அவருக்கு மிகக் கிட்டவாக வந்து பார்த்தாள். அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, “தண்ணி கொஞ்சம் தாறியோ?” என்று கேட்டார். அவள் கொடுத்தாள்.

அதைச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கலாம். விட்டுவிட்டு ஸ்டவாங்கருக்கு விமானம் ஏறியிருக்கலாம். ஜெனிதா அதைத்தான் சொன்னாள். ஆனால் ஒரு சண்டை ஒரு நாளில் முடிந்துவிடும். அவர் இரண்டு சொல் சொல்லுவார், இவள் நாலு சொல் சொல்லுவாள், பிறகு குருடன் மேல் எல்லோருக்கும் இரக்கம் வரும். அவளிடமிருந்து எடுக்கப்பட்டது ஒரு நாளில் எடுக்கப்பட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அவள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்த ஒவ்வொரு நாளும் எடுக்கப்பட்டது. திருப்பிக் கொடுப்பதும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் விசயம் புத்தகம் வாசித்துக் காட்ட முடியுமா என்பது. கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார். “உனக்கு அலுப்பாத்தான் இருக்கும்” என்றார். ஒலிப்புத்தகம் எடுத்துத் தரலாம், ஆனால் இந்தப் பழைய கதைகளை யாரும் ஒலியில் பதிந்து வைக்கவில்லை. “அதுக்கென்ன, வாசிக்கிறன்” என்றாள். முதல் கதையிலேயே கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டாள். அவர் குழம்பிப்போய் இருந்ததைப் பார்த்தபோது, பல வருடமாக மரத்துக் கிடந்த ஒரு இடத்தில் இரத்தம் ஓடியது போல இருந்தது. சில கதைகளில் முடிவை மாற்றினாள். தப்பி வரவேண்டியவனை வரவிடாமல் செய்தாள். பூமிக்குத் தகவல் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேரவிடவில்லை. அவர் ஏற்கெனவே வாசித்திருந்த கதைகளில் கவனமாக இருந்தாள். வாசிக்காமல் அடுக்கி வைத்திருந்தவை நிறைய இருந்தன. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து வைத்தவை.

தொலைபேசி இப்போது அவளுடைய பொறுப்பில் இருந்தது. அவர் இடைக்கிடை, வேறேதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்பதுபோல், “என்ரை போனுக்கு ஆரும் எடுத்தவையோ?” என்பார்.

“ஒருத்தரும் எடுக்கேல்லை.”

ஜெனிதா கிழமைக்கு இரண்டு மூன்று தடவை எடுத்தாள். புஷ்பராணி கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய், மெசின்களின் இரைச்சலுக்கு நடுவே தொலைபேசித் திரையில் பேரனின் முகத்தைப் பார்த்தாள். நிலன் முன்பல் விழுந்த இடத்தைக் காட்டினான். கோடை விடுமுறைக்கு அவள் போவதாகப் பேச்சு. ஜெனிதா முதலில் அப்பாவின் பேரைக் கேட்டாலே கொதித்தாள். பிறகு கொதிப்பு ஆறிவந்தது.

“ஒருக்கா அவரோடை கதைக்கவேணும் அம்மா. ஏன் அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு அவரிட்டையே கேக்கவேணும். போனைக் குடுங்கோவன்.”

“இப்ப ஏலாது பிள்ளை. மனம் குழம்பக்கூடாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார்.”

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லி முடித்து, மேலே ஏறி வரும்போது, தன்னுடைய குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். பல்கனியில் நின்று கதைத்த அவருடைய குரலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பத்திரிகை வாசித்துக் காட்டும்போது ஒரு சின்னச் செய்தி வந்தது. நகரத்தில் பழைய படங்கள் போடும் அரங்கில் ஐம்பதுகளின் விஞ்ஞானப் படங்களை வரிசையாகக் காட்டுகிறார்கள். அதில் ஒன்று, பிரதியே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த படம். எங்கோ ஒரு கிடங்கில் கிடைத்துத் திருத்தியெடுத்திருக்கிறார்கள். புஷ்பராணி படத்தின் பேரை வாசித்ததும் மகேசன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“திரும்ப வாசி.”

வாசித்தாள். அந்தப் பேர் அவளுக்கும் தெரியும். வீட்டில் அதற்கு ‘அப்பான்ரை படம்’ என்று பேர். பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணம் டவுனில் ஞாயிறு காலைக் காட்சியில் அதை அவர் பார்த்திருக்கிறார். ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்கள் ஓட்டிய காலம். ஒரு சுருள் இங்கே முடிய, சைக்கிளில் அங்கே போகும். அன்று கடைசிச் சுருள் வந்து சேரவேயில்லை. சனம் கூக்காட்டி, கதிரையைத் தட்டி, கடைசியில் வீட்டுக்குப் போனது. பிறகு எவ்வளவோ தேடியும் அவருக்கு அந்தப் படம் கிடைக்கவில்லை. முடிவு என்னவென்று எழுதிய ஆளும் கிடைக்கவில்லை. சின்ன வயதில் ஜெனிதாவைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் அந்தக் கதையைச் சொல்வார். ஜெனிதா ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு கட்டிச் சொல்வாள். அவருக்கு ஒன்றும் சரிவராது.

“என்னைக் கூட்டிக்கொண்டு போறியோ?” என்று மகேசன் கேட்டார். “இங்கிலீஸிலை கதைக்கிறது எனக்குக் கேக்கும். சத்தமில்லாத இடங்களிலை மட்டும் நீ என்ன நடக்குதெண்டு சொன்னாப் போதும்.”

“போவம்” என்றாள் புஷ்பராணி. “நான் சொல்லுறன்.”

சனிக்கிழமை பின்னேரக் காட்சி. அவர் நல்ல சேட்டும் கோட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அரங்கு பாதிக்கு நிரம்பியிருந்தது. மாணவர்கள், தனியாக வந்த கிழவர்கள். அவள் அவரை ஓர இருக்கையில் இருத்தி, பக்கத்தில் இருந்தாள். விளக்கு அணைந்ததும் அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். ரொக்கெட்டைக் கயிற்றில் கட்டி இழுத்திருக்கிறார்கள் என்று பார்க்கவே தெரிந்தது. வாலிலிருந்து வந்த பொறி மத்தாப்புப்போலக் கீழே கொட்டியது. முதலில் அவள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். ஒரு விண்வெளி வீரன் மனைவியையும் சின்ன மகளையும் விட்டுவிட்டுப் போகிறான். மகளுக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கிறது. அது விழ முன்னம் வந்துவிடுவேன் என்கிறான். போன வேகத்தில் காலம் அவனுக்கு ஒரு மாதிரியும் பூமிக்கு இன்னொரு மாதிரியும் ஓடிவிடுகிறது. அவன் இளமை குலையாமல் திரும்பி வருகிறான். பூமியில் ஒரு ஆயுள் கழிந்திருக்கிறது. அவனுடைய மனைவி இல்லை. தெருவுக்குப் பேர் மாறியிருக்கிறது. ஆனால் வீடு இருக்கிறது. அவன் வேலியைத் திறந்து, படியேறி, கதவைத் தட்டுகிறான்.

“இந்த இடம்தான்” என்று மகேசன் அவளுடைய காதுக்குள் சொன்னார். “இதிலைதான் வெள்ளைத் திரை விழுந்தது.”

அதற்குப் பிறகு படத்தில் பேச்சில்லை. வாத்தியம் மட்டும், மெதுவாக. கதவு திறந்தது. நரைத்த கிழவி ஒருத்தி நின்றாள். அவனுடைய மகள். தகப்பனைவிட வயது கூடியவளாக அவனைப் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து, அவன் உள்ளே வருவதற்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றாள். அவன் நிலைப்படியில் தயங்கினான். உள்ளேயிருந்து வந்த வெளிச்சம் அவனுடைய சப்பாத்தில் விழுந்தது.

“என்ன நடக்குது?”

“ஒண்டுமில்லை” என்றாள் புஷ்பராணி. “நிக்கிறான்.”

“கதவு?”

“திறக்கேல்லை.”

“உள்ளுக்கை ஆள் இல்லையோ?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆள் இருக்கு. சன்னல் சீலை அசையுது. ஆரோ பாக்கினம். திறக்கினமில்லை.”

“அவன் திரும்பத் தட்டுறானோ?”

“இல்லை. நிண்டுகொண்டே இருக்கிறான். அவ்வளவுதான், முடிஞ்சுது.”

வாத்தியம் உயர்ந்து அடங்கியது. பெயர்கள் ஓடின. மகேசன் அவளுடைய முழங்கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கன்னம் நனைந்திருந்ததைத் திரையின் வெளிச்சத்தில் அவள் பார்த்தாள். “திறக்கமாட்டினம்தான்” என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். அவளுக்கு நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. எந்தப் புத்தகத்தின் எந்தக் கடைசிப் பக்கமும் இப்படி இருந்ததில்லை. அவர் கண்ணைத் துடைத்து எழும்பும்வரை அவள் அவசரப்படாமல் இருந்து, அதைக் கடைசிவரை அனுபவித்தாள்.

வெளிக்கூடத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞன் வந்தான். முதுகில் மடிக்கணினிப் பை.

“ஸாரி சார், தமிழ் காதுல விழுந்துச்சு. அதான் ஒரு ஹலோ சொல்லலாம்னு. நான் கிரிதர், கோயம்புத்தூர். இங்க ஒரு ஐடி கம்பெனியில இருக்கேன். ஒஸ்லோல இந்த மாதிரி பழைய படத்துக்கு நம்ம ஆளுங்க யாருமே வரமாட்டாங்க.”

மகேசனுக்கு அது பிடித்துவிட்டது. கையை நீட்டினார். அது எங்கோ போக, கிரிதர் தேடிப் பிடித்துக் குலுக்கினான். அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்பது அவனுக்கு விளங்கியது.

“நான் சின்னனிலை பாத்த படம் தம்பி. முடிவு மட்டும் பாக்கேல்லை. இண்டைக்குத்தான் முழுசாத் தெரிஞ்சுது. கடைசிவரைக்கும் கதவைத் திறக்காமல் விட்டது சரியான முடிவு. வேறை ஆரும் எண்டால் அப்பிடி முடிக்கப் பயந்திருப்பாங்கள்.”

“திறந்தாங்களே சார்” என்றான் கிரிதர். “அந்தப் பாட்டி வந்து திறந்து, பேசாம ஒதுங்கி வழி விட்டாங்களே. அந்த ஷாட்தான் சார் படமே.”

சொன்ன பிறகுதான் அவன் புஷ்பராணியின் முகத்தைப் பார்த்தான். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று தெரிந்து, என்னவென்று தெரியாமல் நின்றான். சுற்றிலும் ஆட்கள் கோட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு கதைத்தபடி போனார்கள். மகேசனின் முகம் அசையவில்லை.

“ஓம், ஓம்” என்றார் மகேசன். “அவ சொன்னவ. நான்தான் பிழையா விளங்கியிட்டன். காதும் இப்ப அவ்வளவு சரியில்லை.”

ரயிலில் அவர் சன்னல் பக்கம் இருந்தார். ரயில் நூர்ட்ஸ்ட்ராண்டைத் தாண்டியது. கீழே கடல் உறைந்து சாம்பலாகக் கிடந்தது. நேரம் நாலரையைத் தாண்டியிருந்தது, தீவுகளில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஒருவேளை இதற்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தோமோ என்றிருந்தது.

“புத்தகங்களும் அப்பிடித்தானோ?” என்றார்.

“ஓம்.”

“எல்லாமோ?”

“கிட்டத்தட்ட.”

அவர் தலையாட்டினார். கோபப்படுகிறாரா என்று பார்த்தாள். கோபமில்லை. தபால் நிலையத்தில் விலாசம் பிழையான கடிதம் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆளைப்போல இருந்தார்.

“ஆஸ்பத்திரியிலை போன் எடுத்தது வேலையிலையிருந்து இல்லை.”

அவள் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அவள் எடுத்தவள்.”

“எவள்?”

ரயில் லியானில் நின்றது. கதவு திறந்து குளிர் வந்தது, சறுக்குப் பலகைகளோடு ஒரு குடும்பம் ஏறியது.

“எவள் எண்டு கேட்டனான்” என்றாள் புஷ்பராணி. “பேர் இல்லையோ?”

“ஜெனிதா” என்றார். அந்த வீட்டுக்குள் பத்து வருடத்துக்கு மேலாக அவருடைய வாயில் வராத பேர். வந்தபோது குரல் உடைந்தது.

“நஞ்சு குடிப்பனெண்டு நான் சொன்னனானோ?”

“இல்லை.”

“ஏன் சொன்னனீங்கள்?”

“நீயும் அவளோடை போயிடுவாய் எண்டு நினைச்சனான்” என்றார் மகேசன். “அவள் கூப்பிட்டா நீ போயிருப்பாய். எனக்கு வேறை ஆர் இருக்கினம்?”

அவள் அதைக் கேட்டாள். முன்னொரு காலத்தில் இந்தச் சொற்கள் அவளை உருக்கியிருக்கும். முன்பொருநாளும் அவர் இப்படிச் சொன்னதில்லை. உனக்கு விளங்காது என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்த ஆள், விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில் ஒரு பிள்ளையின் குரலைப் பல்கனியில் வைத்து நெரித்திருக்கிறார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. நிலன் பிறந்த நாளில் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. எல்லா நாளையும் போல ஒரு நாளாக இருந்திருக்கும். இவருக்குச் சோறு போட்டிருப்பாள்.

“பேரன் இருக்கிறான். தெரியுமெல்லோ?”

“தெரியும்.”

ஹவுகெட்டோ போய்விட்டது. அவர் திரும்பி, அவளுடைய முகம் இருக்கும் இடத்தை ஏறக்குறையச் சரியாகப் பார்த்தார். “புஷ்பம், அவள் என்னோடை கதைப்பாளோ? நீ கேட்டனியோ?”

நேற்றுத்தான் ஜெனிதா கேட்டிருந்தாள். அப்பாவின் காதில் போனை வையுங்கோ, நான் ஹலோ மட்டும் சொல்லிவிட்டு வைக்கிறேன் என்று.

“கேட்டுப் பாத்தனான்” என்றாள் புஷ்பராணி. “இன்னும் மனம் மாறேல்லை.”

அவருடைய சொற்கள் அவை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னவை. அவருக்கு அது விளங்கியது. முகத்தில் தெரிந்தது. பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம், இனி எதைக் கேட்டாலும் இப்படித்தான் இருக்கும், திரையை அவர் பார்க்கப் போவதில்லை. ரயில் வேகம் குறைந்து ஹொல்ம்லியாவில் நின்றது.

மேடையில் பனி உருகித் திரும்ப உறைந்திருந்தது. சறுக்காமல் இருக்கக் கொட்டியிருந்த பொடிக்கல் சப்பாத்துக்குக் கீழே நெரிபட்டது. புஷ்பராணி வழக்கம்போல தன்னுடைய கையை அவருடைய முழங்கைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், ஏனென்று அவளுக்கே தெரியாது, கையை எடுத்துவிட்டாள். அவர் நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. மேடை முடியும் சரிவு வரைக்கும் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள்.

எதிர்த் திசை ரயில் வந்து ஆட்களை இறக்கியிருந்தது. பிள்ளைகளும் கடைப்பைகளும் சறுக்குப் பலகைகளுமாகச் சனம் மேடையை நிறைத்துக்கொண்டு வந்தது. நடுவில் மகேசன், அவள் விட்ட இடத்திலேயே, நல்ல கோட்டோடு நின்றார். அவருடைய முழங்கை இன்னும் மடிந்து, உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, அதற்குள் ஒரு கை இருப்பதுபோலவே இருந்தது. வந்தவர்கள் அந்த இடத்தையும் ஒரு ஆளாகக் கணக்கெடுத்துக்கொண்டு, இருவரைச் சுற்றிப் போவதுபோல விலகிப் போனார்கள். பனி தூறத் தொடங்கியது. புஷ்பராணி சரிவின் தலைப்பில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.